நேட்டால் கரும்புத் தோட்டக் கதையை ரோல்பிளே மேஜையில் ஆடுவது எப்படி

ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேசியும் டைஸ் (பகடை) உருட்டியும் ஒரு கதையைச் சேர்ந்து நடத்தும் மேஜை விளையாட்டுதான் ரோல்பிளே. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அதை ஆடும் தமிழ்க் கூட்டங்களில் பல, உறவுக் கூட்டங்கள்தான். சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டின் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அண்ணன், தங்கை, மச்சான், அத்தை மகன், கூடப் படித்த ஒருவர் என்று உட்காருவார்கள். கதை நடத்தும் ஜிஎம் (கேம் மாஸ்டர்) அநேகமாக அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர். ஒரு காட்சி மனதைக் குத்தினால் இளையவர் "அண்ணா, இது வேணாம்" என்று சொல்வதில்லை. போனை எடுத்துப் பார்ப்பார், டீ போடுகிறேன் என்று எழுந்து போவார், அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்பார். சில வாரங்களில் கேம்பெய்ன், அதாவது அமர்வுக்கு அமர்வு தொடரும் அந்தக் கதை, நின்றுவிடும். ஏன் நின்றது என்று ஜிஎம்முக்குக் கடைசிவரை தெரியாது.

வலிக்கும் காட்சிகளிலிருந்து ஆட்டக்காரரைக் காக்க அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவான பாதுகாப்பு முறைகள் நல்லவை. ஆனால் அவற்றில் சில, ஆட்டக்காரர் தயங்காமல் வாய்விட்டுச் சொல்லிவிடுவார் என்று நம்பி அமைந்தவை. நம் மேஜைக்கு அது போதாது. வாய் திறக்காமலும், காரணம் சொல்லாமலும், யாருடைய மரியாதையும் குறையாமலும் ஒரு காட்சியை நிறுத்த வழி இருக்கிறதா என்பதே கேள்வி. இங்கே சொல்லியிருப்பவை அந்தக் கேள்விக்கு ஈடுகொடுக்கும் முறைகள் மட்டுமே. உதாரணத்துக்கு 1860-க்குப் பிந்தைய நேட்டால் கரும்புத் தோட்டக் கதையை எடுத்துக்கொள்கிறோம். அந்த ஆண்டு நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911-ல் ஒப்பந்த முறை நிற்கும்வரை வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். நம் மேஜையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது சொந்தக் குடும்பக் கதை. அதனால்தான் இது இவ்வளவு நன்றாக ஆட வருகிறது, அதே காரணத்தால்தான் இவ்வளவு எளிதில் வலிக்கவும் செய்கிறது.

அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் "புது கேம் தொடங்குறேன், யார் வர்றீங்க?" என்று மட்டும் போடாதீர்கள். எந்தக் காலம், எந்த இடம், எவ்வளவு கடுமை, என்னென்ன நிச்சயம் வரும், என்னென்ன வரவே வராது என்பதை ஐந்து வரியில் எழுதுங்கள். உதாரணமாக: "1880-கள், வடகரைக் கரும்புத் தோட்டம். ஒப்பந்தக் கூலிகளாக ஆடுவோம். பட்டினி, நோய், சர்தாரின் (கூலிகளை மேய்க்கும் மேஸ்திரியின்) கொடுமை வரும். பாலியல் வன்முறை கதையில் எங்குமே இல்லை. எந்தக் காட்சியையும் யாரும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம். வரமுடியாதவர்கள் எனக்குத் தனியாக 'இல்லை' என்று மட்டும் போட்டால் போதும்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். குழுவில் எல்லோர் முன்னும் மறுக்கத் தயங்குபவர் தனிச் செய்தியில் மறுத்துவிடுவார். விருப்பமில்லாமல் வந்து உட்காருபவரைவிட வராமல் போகிறவரே கேம்பெய்னுக்கு நல்லது.

செஷன் ஜீரோவும் படிவமும்

செஷன் ஜீரோ என்பது ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய முதல் கூட்டம். அதில் டைஸ் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாத்திரம் உருவாக்குவது, விதிகளைப் பேசுவது, எல்லைகளைப் பேசுவது எல்லாம் அதிலேயே முடியும். எல்லைப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். பாத்திரம் உருவாக்கும் உற்சாகத்தில் நேரம் ஓடிப்போய், கடைசி ஐந்து நிமிடத்தில் "எல்லாருக்கும் ஓகேதானே?" என்று கேட்டு முடிவதுதான் வழக்கம். அப்படிக் கேட்டால் எல்லோரும் ஓகே என்றுதான் சொல்வார்கள்.

விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'கோடு, திரை' முறையே இதற்கு அடிப்படை. கோடு போட்ட விஷயம் கதைக்குள் வரவே வராது. திரை போட்ட விஷயம் கதையில் நடக்கும், ஆனால் காட்டப்படாது. கதவு மூடும், அடுத்த காட்சி காலையில் தொடங்கும். இந்த இரண்டையும் வாயால் கேட்காமல் தாளில் கேளுங்கள்.

ஒரு ஏ4 தாளில் இருபது தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: 'வரட்டும்', 'திரைக்குப் பின்னால்', 'வேண்டாம்'. டிக் அடிக்க மட்டுமே இடம் விடுங்கள், எழுத இடம் விடாதீர்கள். உறவுக்காரர்கள் ஒருவர் கையெழுத்தை ஒருவர் அடையாளம் கண்டுவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா கொடுங்கள். தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் நிரப்பச் சொல்வதே நல்லது. பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருக்கும்போது தம்பி உண்மையாக டிக் அடிக்கமாட்டான். கூகுள் ஃபார்ம் வைத்தால், மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் பாருங்கள்.

இணையத்தில் கிடைக்கும் படிவங்களை அப்படியே அச்செடுத்தால் நம் ஊருக்கு வேண்டிய பாதி விஷயம் அதில் இருக்காது. சவுக்கடி, குழந்தை மரணம், கப்பலில் காலரா, கருச்சிதைவு, குடித்துவிட்டு வீட்டில் அடிப்பது, தற்கொலை, சாதி, இனவசை, மதமாற்றம், சாமி ஆடுதல், பலி, பிணச்சடங்கு ஆகியவற்றைச் சேருங்கள். அதோடு ராத்திரியில் வீடு புகுந்து கொள்ளை, துப்பாக்கி முனையில் வண்டி பறிப்பு ஆகிய இரண்டையும் கட்டாயம் சேருங்கள். இது ஏதோ ஒரு கற்பனை உலகக் கதையாகவே இருக்கட்டும், "நடுச்சாமத்தில் பின்கதவை உடைத்துக்கொண்டு மூன்று பேர் உள்ளே வருகிறார்கள்" என்று ஜிஎம் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வரி, தென்னாப்பிரிக்க மேஜை ஒன்றில் பூதம், பிசாசு எல்லாவற்றையும்விட ஆழமாக வெட்டும்.

தாள்கள் வந்ததும் ஜிஎம் தனியாக உட்கார்ந்து தொகுக்க வேண்டும். ஜிஎம்மும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். இதில் பெரும்பான்மைக்கு இடமில்லை. ஒருவர் 'வேண்டாம்' என்றால் அது எல்லோருக்கும் வேண்டாம். ஒருவர் 'திரை' என்றால் மற்ற நால்வர் 'வரட்டும்' என்றாலும் திரைதான். நான்கைந்து பேர் உள்ள கூட்டத்தில் "பாம்பை யார் வேண்டாம்னு போட்டது?" என்ற ஊகம் தானாகக் கிளம்பும். அதைத் தடுக்க, யாரும் குறிக்காத இரண்டு மூன்று தலைப்புகளை ஜிஎம் தானாகவே கோட்டுப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். எது யாருடையது என்று அதன்பிறகு யாராலும் சொல்ல முடியாது. இறுதிப் பட்டியலை ஜிஎம் தன் கையால் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பழைய தாள்களைக் கிழித்துப்போட வேண்டும், அதுவும் எல்லோர் கண்முன்னால்.

திரைக்குப் பின்னால் எழுதக் கற்றுக்கொள்வது

கொடுமையைத் திரைக்குப் பின்னால் தள்ளினால் கதை சப்பென்று ஆகிவிடும் என்ற பயம் ஜிஎம்களுக்கு உண்டு. தோட்டக் கதையில் அந்தப் பயம் தேவையில்லை. நேட்டால் தோட்டங்களின் கொடுமை சவுக்கில் இருந்ததைவிடக் கணக்குப் புத்தகத்தில் அதிகம் இருந்தது.

'இரட்டை வெட்டு' என்ற நடைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். அதாவது 120 பென்ஸ். மாதம் 26 வேலை நாள் என்று வைத்தால் ஒரு நாள் கூலி நாலரைப் பென்ஸுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் ஆட்டக்காரரின் பாத்திரம் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டது. நான்கு நாள் கூலி போய்விடும், கிட்டத்தட்ட ஒன்றரை ஷில்லிங். இதை வசனமாகச் சொல்லாதீர்கள். ஒரு சிறிய தாளில் பாத்திரத்தின் பெயர், ஒரு எண், '10 ஷி.', அதன் கீழே பிடித்தம், அதன் கீழே மீதி என்று எழுதி, சம்பள நாள் காட்சியில் மேஜைமேல் அவர் முன்னால் வையுங்கள். ஒன்றும் பேசாதீர்கள். ஊருக்கு எவ்வளவு அனுப்புவது என்று போன வாரம் திட்டம் போட்டிருந்த ஆட்டக்காரர் அந்தத் தாளைப் படித்து முடிக்கும்வரை காத்திருங்கள். யாரையும் அடிக்காமல், ஒரு துளி ரத்தம் காட்டாமல் அந்தத் தோட்டம் எப்படிப்பட்டது என்று மேஜை முழுக்கப் புரிந்துவிடும்.

தோட்டத்தை விட்டு வெளியே போக வேண்டிய அனுமதிச் சீட்டு, பங்கீட்டில் அரிசிக்குப் பதில் வந்த சோளமாவு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இன்னும் மீதியிருக்கும் மாதங்கள் எல்லாமே இப்படிக் காட்சியாகும். 1913 வேலைநிறுத்தம்வரை கதையைக் கொண்டுபோகிறவர்களுக்கு, ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்த மூன்று பவுண்டு வரியே ஒரு முழு அத்தியாயத்துக்குப் போதும்.

எக்ஸ் அட்டை, நம் மேஜைக்கு ஏற்றபடி

ஜான் ஸ்டாவ்ரோபவுலோஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டையை ரோல்பிளே ஆடுபவர்கள் பலர் அறிவார்கள். மேஜை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை இருக்கும். அதைத் தொட்டாலோ உயர்த்தினாலோ நடந்துகொண்டிருக்கும் விஷயம் வெட்டப்படும். காரணம் கேட்கக்கூடாது.

நம்மிடம் இது தோற்பது ஒரே ஓர் இடத்தில். அட்டை நடுவில் இருந்தால், பெரியப்பா மகனின் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி அதைத் தொட வேண்டும். அதைச் செய்ய மாட்டார்கள். ஆகவே ஆளுக்கு ஓர் அட்டை. மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டையைப் பாதியாக வெட்டி, தடித்த மார்க்கரால் குறி போட்டு, ஒவ்வொருவரின் பாத்திரத் தாளின் ஓரத்தில் கவிழ்த்து வையுங்கள். நிறுத்த நினைப்பவர் அதைத் திருப்பிப் போட்டால் போதும். ஜிஎம்முக்கும் ஒன்று.

முதல் ஆட்டத்தின் முதல் அரைமணிக்குள் ஜிஎம் தன் அட்டையை ஒருமுறை திருப்ப வேண்டும். சின்ன விஷயத்துக்குத்தான். எலியை வர்ணித்தது போதும் என்று தோன்றினால் அதுவே போதும். இதைச் செய்யாத மேஜைகளில் அந்த அட்டை மாதக்கணக்கில் தூசி படிந்து கிடக்கும். முதலில் தொடுகிறவர் பலவீனமானவர் என்ற எண்ணம் எல்லோருக்கும் உள்ளே இருக்கிறது. மூத்தவரான ஜிஎம்மே முதலில் தொட்டுவிட்டால் அந்த எண்ணம் உடைந்துவிடும்.

யாராவது அட்டையைத் திருப்பினால் ஜிஎம் அவரைப் பார்க்கக்கூடாது. தன் குறிப்பைப் பார்த்தபடியே, குரலை மாற்றாமல், வெட்டி, கதையை வேறிடத்தில் ஒட்டி, வேறொருவரிடம் கேள்வி கேட்க வேண்டும். இப்படி ('லைன்' என்பது கூலிகளின் குடியிருப்பு வரிசை): "சரி, அது வெட்டு. சர்தார் லைனுக்குள்ள வரவே இல்லை. விடிஞ்சாச்சு, மணி அடிக்குது. முத்து, நீ கத்தியை எடுத்தியா?" மொத்தம் பத்து விநாடி. எது பிரச்சினை என்று ஜிஎம்முக்குப் புரியாமல் போகலாம். அப்போது "எங்கேயிருந்து வெட்டணும்? காட்சியின் தொடக்கமா, இந்தக் கடைசி வரியா?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கலாம். "ஏன்?" என்று மட்டும் கேட்கவேண்டாம், ஆட்டம் முடிந்த பிறகும்கூட. "நல்லா இருக்கியாம்மா?" என்று கரிசனமாகக் கேட்பதும் அந்த நேரத்தில் தவறுதான். எல்லோர் கண்ணையும் அது அவர்மேல் திருப்பிவிடும். கொஞ்சம் கனமாகத் தோன்றினால் எல்லோருக்குமாக ஐந்து நிமிட டீ இடைவேளை விடுங்கள்.

டிஸ்கார்டிலோ ஜூமிலோ ஆடும்போது ஜிஎம்முக்குத் தனிச் செய்தியாக ஒரு பெருக்கல் குறி அனுப்பினால் போதும். வர்ணித்துக்கொண்டிருக்கும் ஜிஎம் செய்திப் பெட்டியைக் கவனிப்பதில்லை என்பதே இங்குள்ள கோளாறு. ஆகவே இன்னொரு ஆட்டக்காரரைக் காவலாக வையுங்கள். செய்தி அவருக்கும் போகட்டும், அவர் "வெட்டு" என்று சொல்லட்டும். யார் அனுப்பியது என்று அவர் சொல்லக்கூடாது.

சாமி விஷயம்

காவடி எடுப்பவர்களும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுபவர்களும் மேஜையில் இருப்பார்கள். கற்பனை உலகக் கடவுள்களுக்கு எண் மதிப்பெண் கொடுத்து ஆடிப் பழகியவர்கள் அதே பழக்கத்தை அம்மனிடம் காட்டிவிடக் கூடாது. எங்கள் பரிந்துரை: சாமிக்குப் புள்ளிகள் கிடையாது. சாமி வந்ததா இல்லையா என்று டைஸ் உருட்டுவது கிடையாது. ஜிஎம் அம்மன் குரலில் பேசுவது கிடையாது. கோயிலைக் கட்டுவது, நேர்த்திக்கடன், தேருக்குப் பணம் சேர்ப்பது, பூசாரிக்கும் சர்தாருக்கும் உள்ள சண்டை என்று மனிதர்கள் செய்வதை எல்லாம் ஆடலாம். அருள் வரும் காட்சியை ஆடியே ஆகவேண்டும் என்று யாராவது விரும்பினால், அந்தப் பாத்திரத்தை ஆடுபவர் மட்டுமே அதை வர்ணிக்க வேண்டும், மற்றவர்கள் குறுக்கே எதுவும் சேர்க்கக்கூடாது. விரத காலத்தில் கூட்டம் போட்டால் மேஜைச் சாப்பாட்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

முன்னோர், வசைச்சொல், கலவரம்

வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிந்தார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் தாத்தாவின் தாத்தாவைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் நம்மிடையே நிறைய. அவரையே பாத்திரமாக்க ஆசை வரும். பெயர், எண், தோட்டம் மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பாத்திரத்துக்கு மரணமோ அவமானமோ நேரும் காட்சி வந்தால், டைஸ் என்ன சொன்னாலும் அந்த ஆட்டக்காரர் தலையாட்டிய பிறகே நடக்கட்டும். பட்டியலில் சாதியும் இருக்கும். ஒருவர் தன் குடும்பச் சாதியை மேஜையில் சொல்ல வேண்டிய நிலையைக் கதை உண்டாக்கிவிடக் கூடாது.

வசைச்சொற்களை எந்தப் பாத்திரத்தின் வாயிலும் வைக்காதீர்கள். "ஓவர்சியர் உன் இனத்தைச் சொல்லித் திட்டுகிறான்" என்றால் போதும், எல்லோருக்கும் தெரியும் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று. கறுப்பின மக்களைக் குறிக்கும், 'க'-வில் தொடங்கும் அந்தச் சொல்லுக்குக் கதையின் காலம் என்ற சாக்கும் செல்லாது. அதைச் சொன்னதற்காக 2018-ல் இந்த நாட்டில் ஒருவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. சட்டத்துக்காக மட்டும் அல்ல, மேஜையில் ஜூலு நண்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே விதிதான்.

1949 ஜனவரியில் கறுப்பின மக்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த டர்பன் கலவரத்தையும் 2021 ஜூலையில் ஃபீனிக்ஸில் நடந்த கொலைகளையும் முதல் கேம்பெய்னில் தொடாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. இரண்டு பக்கத்திலும் இழப்பைச் சுமப்பவர்கள் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள். கும்பலை எதிரி டோக்கன்களாக வரைபடத்தில் வைத்து உருட்டும் காட்சியாக அது ஒருபோதும் மாறிவிடக் கூடாது. நீண்ட நாள் சேர்ந்து ஆடிய கூட்டம், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்ட பிறகு, கலவரத்தின் மறுநாளிலிருந்து வேண்டுமானால் தொடங்கலாம்: யார் யாரை ஒளித்து வைத்திருந்தார்கள், கடை யாருடையது, காணாமல் போனவரை எங்கே தேடுவது. ஜூலு நண்பரைத் தன் சமூகத்தின் பேச்சாளராக்கி "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்காதீர்கள். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டதும் இப்படித்தான். அந்த வீடுகளில் பிறந்தவர்கள் அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் காதில் விழும் என்பதை நினைத்து ஆடுங்கள்.

நேட்டால் தோட்டங்களில் தற்கொலைகள் நடந்தன என்பது வரலாறு. ஆனாலும் யாரும் குறிக்காவிட்டாலும் அதைக் கோட்டுப் பட்டியலிலேயே வையுங்கள். ஆட்டத்துக்குப் பிறகு யாராவது தன்னைப் பற்றியே அப்படிப் பேசினால் அதை ஜிஎம் தனியாகச் சுமக்க வேண்டாம். மனநல உதவி தரும் சாடாக் (SADAG) அமைப்பின் இலவச உதவி எண் 0800 567 567. பட்டியல் தாளின் பின்புறம் அச்சிட்டு வைத்துவிடுங்கள்.

பதினாறு வயதுக்குக் கீழே ஒருவர் மேஜையில் இருந்தால் அவர் வயதுதான் எல்லோருக்கும் அளவு. பெற்றோருக்கு இறுதிப் பட்டியலின் பிரதி ஒன்று போகட்டும்.

ஆட்டம் முடிந்த பின்

கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொருவரும் இன்று பிடித்த ஒன்றையும், அடுத்த முறை வேண்டும் என்று நினைக்கும் ஒன்றையும் சொல்லட்டும். இளையவரிலிருந்து தொடங்குங்கள். மூத்தவர் முதலில் "சூப்பரா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டால் மற்ற எல்லோரும் அதையே திருப்பிச் சொல்வார்கள். குறை சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள், வேண்டியதைக் கேளுங்கள். "அடுத்த தடவை தோட்டத்தைவிட்டு வெளிய போகலாமா?" என்று ஒருவர் சொன்னால், இந்த முறை லைனுக்குள் நடந்தது அவருக்கு அதிகமாகிவிட்டது என்று ஜிஎம் புரிந்துகொள்ள வேண்டும்.

மறுநாள் ஒவ்வொருவருக்கும் ஒரே வாசகத்தில் தனிச் செய்தி அனுப்புங்கள்: "நேத்து ஆட்டத்துல மாத்த வேண்டியது ஏதாவது இருக்கா? பட்டியல்ல சேர்க்கணும்னா பெயரை மட்டும் போடு." அட்டையைத் திருப்பியவருக்கு மட்டும் அனுப்பினால் அது விசாரணை ஆகிவிடும், எல்லோருக்கும் போகவேண்டும். ஐந்தாறு அமர்வுக்கு ஒருமுறை வெற்றுப் படிவத்தை மறுபடியும் கொடுங்கள். இடையில் வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கலாம், ஒருத்தி கர்ப்பமாக இருக்கலாம், ஒருவர் வீட்டில் திருட்டு நடந்திருக்கலாம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, டிக் போதும்.

கோட்டை ஒருவர் தாண்டினால், மறதியாக இருந்தால், அந்த இடத்திலேயே வெட்டிவிட்டுப் போய்விடுங்கள். தெரிந்தே தாண்டினால் அன்றைய ஆட்டம் முடிந்ததும் தனியாகப் பேசுங்கள். அவர் வயதில் மூத்தவராக இருந்தால் ஜிஎம் நேராகப் போகாமல், அவருக்குச் சமமான வயதுள்ள மாமாவோ அண்ணனோ போய்ச் சொல்வது பலனளிக்கும். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்: எது தாண்டப்பட்டது, அடுத்த முறை என்ன எதிர்பார்க்கிறோம், அவ்வளவுதான், யாருக்கு வலித்தது என்று சொல்லவே கூடாது. அட்டையைக் கேலி செய்பவருக்கும் இதே நடைமுறைதான். கேலி தொடர்ந்தால், அடுத்த அமர்வுக்கான தேதியை அவருக்கு அனுப்பாதீர்கள்.